மாடி அறை முனகல்

கரண்ட் போனால் வைஃபை வருமா என்று கேட்டாயே, வரும். போன சுவடே தெரியாமல் வரும். மாடி வாடகைக்கு என்று வருகிற பிள்ளைகள் எல்லாம் இப்போது தண்ணீர் வருமா என்று கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்கிறீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை. வீட்டிலிருந்தே வேலை, நெட் போனால் பிழைப்பு போகும், எனக்குத் தெரியாதா. உட்கார். அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும். இதில் உட்கார். சாவி இங்கேதான் இருக்கிறது, அறையைக் காட்டுகிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம் நானே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் எதிர்வீட்டு லலிதா சொல்லுவாள். அவள் வாயால் கேட்டால் நீ பெட்டியைக்கூட இறக்காமல் அதே ஆட்டோவில் ஏறிவிடுவாய்.

இந்த வீட்டு மாடியில் செத்துப்போன பையன் இருக்கிறானாம். கரண்ட் போனால் முனகுவானாம். பெருமாள்புரத்தில் இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவார்கள். படித்த ஜனங்கள், பாதிப் பேர் வாத்தியார் குடும்பம், பேச்சைப் பார்.

முனகியது உண்மை. பையன் செத்துப்போனதும் உண்மை. என் பையன்தான். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டதுதான் இவர்கள் புத்தி.

முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதே. பாவம் ஆண்ட்டி என்று சொல்லவும் வேண்டாம். அதை எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள். உன் பெயர் என்ன சொன்னாய்? யாழினி. நல்ல பெயர். என் பெயர் சண்முகவடிவு. கான்வென்டில் சேர்த்த அன்றைக்கே சிஸ்டருக்கு அது வாயில் நுழையவில்லை, பாதியை வெட்டிவிட்டார்கள். பத்து வருஷம் நான் வெறும் வடிவு. கிளாஸ் லீடர் வேறு. டீச்சர் இல்லாத நேரத்தில் யார் வாயைத் திறந்தாலும் போர்டில் பெயர் எழுதுவேன். தோழிகள் என்று பார்த்ததே இல்லை. சத்தம் என்றால் எனக்கு அப்போதிலிருந்தே ஆகாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வீட்டில் சத்தத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் கடைசியில் நான் சொல்வதுதான் சரியாக இருக்கும். காது எனக்கு அப்படி.

என் பையன் பெயர் அரிகரசுதன். சுதன் என்று கூப்பிடுவோம். பெங்களூரில் கம்பெனி வேலை. கொரோனா வந்ததும் எல்லோரையும் போல அவனும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். மாடி அறையில் மேஜை போட்டோம். ரவுட்டரை மேஜைக்கு மேலே சுவரில் மாட்டினார்கள். மாசத்துக்கு ஒரு நாள் ஷட்டவுன் என்று காலையில் கரண்டைப் பிடுங்கினால் மத்தியானம் வரைக்கும் வராது இல்லையா, அதற்காக அவனே ஒரு இன்வெர்ட்டரும் வாங்கிப் போட்டான். ஃபிரிட்ஜுக்கு அதில் கனெக்‌ஷன் கொடுக்கவில்லை. நாலு ஃபேன், விளக்கு, அப்புறம் அவன் ரவுட்டர். கொரோனா போனது, கம்பெனி அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை. எங்களுக்குச் சந்தோஷம்தான். அவனுக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கெட்ட பழக்கம் என்றால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. வேலையில் மூழ்கிவிட்டால் வாயை மூடிக்கொண்டு முனகுவான். பாட்டும் கிடையாது, ராகமும் கிடையாது. ஒரே சுருதியில் ங்ம்ம்ம் என்று. காதில் ஹெட்செட் இருக்கும், தான் முனகுவது அவனுக்கே தெரியாது. அவன் அறைக்கு நேர் கீழே நான் படுக்கிற அறை. ஜன்னல் வழியாக அப்படியே இறங்கும். மத்தியானம் கண்ணை மூடினால் மண்டைக்குள் வண்டு புகுந்த மாதிரி இருக்கும். இவரிடம் சொன்னால், என் வீட்டுக்காரரிடம், சிரிப்பார். "முனங்குதான்னா வேல ஓடுதுன்னு அர்த்தம்லா" என்பார். காலேஜ் ஆபீஸில் சூப்பிரண்டெண்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். முப்பது வருஷம் டைப் மெஷின் சத்தத்தில் உட்கார்ந்த காது அது, அதற்கு என்ன தெரியும்.

மாடிக்குப் போய்க் கண்டிக்கவும் முடியாது. சட்டம் போட்டிருந்தான். "கதவத் தட்டாதம்மா, கேமரா ஆன்ல இருக்கும், எல்லாரும் பாப்பாங்க" என்று. சாப்பாட்டைக்கூடத் தட்டில் போட்டு, மூடி, படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டு வருவேன். அவனுக்கு ஒழியும்போது எடுத்துக்கொள்வான். பெற்ற பிள்ளைக்கு ஜெயிலில் போடுகிற மாதிரி. அதனால் என்ன சொல்வதாக இருந்தாலும் கீழே ஜன்னலிலிருந்து ஒரு சத்தம் கொடுப்பேன். அவனும் நிறுத்துவான். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பிப்பான்.

அவன் போனது ஒரு ஷட்டவுன் நாளில். சாயங்காலம் காப்பி கொண்டுபோனவர் இவர். மேஜையில் தலை வைத்துப் படுத்திருந்தான். ஹெட்செட் கழற்றவில்லை. நெஞ்சுதான் என்றார்கள். அந்த வயசுக்கு நெஞ்சா என்று கேட்டால் இப்போதெல்லாம் அப்படித்தான் என்றார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் வேண்டாம்.

அடுத்த ஷட்டவுன் வரும்போது பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. ஆனால் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் கிளம்பவில்லை. இவருடைய அக்கா, தங்கபாக்கியம் மதினி, கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். கரண்ட் போனது. இன்வெர்ட்டர் எடுத்தது. மாடியிலிருந்து ங்ம்ம்ம் என்று அதே சத்தம். அதே சுருதி. வாயை மூடிக்கொண்டு, மூக்கால்.

மதினி வெற்றிலையை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். "ஏ வடிவு, சுதன்லா முனங்குதான்" என்றாள்.

வீடே எழுந்து நின்றது. ஒருத்தி சாமிப் படத்துக்கு முன்னால் ஓடினாள். ஒருத்தர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கே போய்விட்டார். நான் அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். தாளித்து முடித்துவிட்டுத்தான் வந்தேன். கடுகு கருகினால் யார் பதில் சொல்வது? இவர் மட்டும் மாடி ஏறிப் போனார். கரண்ட் திரும்பி வந்ததும் சத்தம் நின்றது, இறங்கி வந்தார். முகம் எப்படி இருந்தது என்று சொல்லட்டுமா? ரொம்ப நாள் ஊரில் இல்லாத ஆளைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தவர் முகம் மாதிரி இருந்தது.

அன்றைக்குப் பிடித்தது. அதற்கப்புறம் கரண்ட் போகிற நாளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். பேப்பரில் மின்தடை அறிவிப்பு வந்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இரண்டு தடவை வாசிப்பார். அன்றைக்குக் காலையிலேயே குளித்து, வேட்டி மாற்றி, மாடியில் போய் அந்த ரவுட்டருக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். நான் கீழேயிருந்து கத்துவேன், சாப்பிட வாருங்கள் என்று. "அவன் கூட இருக்கேன்லா" என்பார். நாளாக ஆக ஷட்டவுன் வரும் வரைக்கும் பொறுமை இல்லை. ஒரு மத்தியானம் நான் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறேன், படம் அணைந்தது. வெளியே எட்டிப் பார்த்தால் லலிதா வீட்டில் மிக்ஸி ஓடுகிறது. எங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் இல்லை. ஃபியூஸ் போனதோ என்று மெயின் போர்டுக்குப் போனேன். மெயின் சுவிட்ச் இறங்கி இருக்கிறது. யார் இறக்கினார்கள் என்று நான் கேட்கவே இல்லை. மாடியில் முனகல் கேட்டது.

தினமும் இதே கதை. நான் தூக்குவேன், அவர் இறக்குவார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் செய்வோம். ஃபிரிட்ஜில் பால் திரிந்தது, இட்லி மாவு புளித்தது. பேட்டரி தீரும் வரைக்கும் உட்கார்ந்திருப்பார். தீரப்போகிற நேரத்தில் அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மும். அப்புறம் இன்வெர்ட்டர் பீப் பீப் என்று கத்தும். பட்டென்று எல்லாம் நின்றுவிடும். அப்போது மேலே இவர் அழுகிறது எனக்குக் கேட்கும். பிள்ளையைத் தினமும் ஒரு தடவை சாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். இது என்ன ஆறுதல் என்று நீயே சொல்லு.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவார்கள் தெரியுமா? இப்படித் தினமும் உறிஞ்சினால் தண்ணீர் சீக்கிரம் குறையும். ஒரு நாள் மாடிப்படிக்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்து ஊற்றிக்கொண்டிருக்கிறார். கையில் என்ன என்று குனிந்து பார்த்தேன். சுதன் குழந்தையாக இருந்தபோது நான் பால் புகட்டின வெள்ளிப் பாலாடை. பீரோவில் என் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தது, எப்போது எடுத்தாரோ. அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சிந்தாமல், ஓரத்தை விரலால் துடைத்து. அதே மாதிரி. நான் எப்படித் துடைப்பேனோ அதே மாதிரி. ஆசிட் பட்டு வெள்ளி கறுத்துப் போயிருந்தது. பிடுங்கினேன். விடமாட்டேன் என்றார். விட்டுவிட்டேன். என்ன செய்ய, பேட்டரி பக்கத்தில் மல்லுக்கட்ட முடியுமா?

மதினி சும்மா இருப்பாளா? வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நெற்றி நிறைய விபூதி, கையில் ஸ்மார்ட்போன். மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பையனுக்கு இன்னும் தான் போனது தெரியவில்லை, வேலை செய்துகொண்டே இருக்கிறான், பாபநாசத்தில் ஆற்றங்கரையில் வைத்து ஒரு காரியம் செய்து அனுப்பிவிட வேண்டும் என்றார். அவர் பேசும்போதே அவர் போனில் சார்ஜ் இல்லை. அதை எங்கள் வீட்டில்தான் போட்டார். பேய் இருக்கிற வீட்டு பிளக்கில் போட பயமில்லை போலிருக்கிறது.

இவர் அந்த ஆளை நேராகப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார். "அவன அனுப்பவா உங்கள வரச் சொன்னேன்? நீங்க போய்ட்டு வாங்க." மதினி அழுதாள். நான் பஜ்ஜி போட்டிருந்தேன், இரண்டு பேருக்கும் கொடுத்து அனுப்பினேன்.

ஆனால் எனக்கு அன்றைக்கு ஒன்று உறைத்தது. இந்த மனுஷனை நான் மாடியிலிருந்து இறக்கியாக வேண்டும். பெற்ற பிள்ளையை அந்த மாடிக்குக் கொடுத்தாயிற்று. இவரையும் கொடுத்துவிட்டு நான் கீழே தனியாக உட்கார்ந்து மெயின் சுவிட்சைத் தூக்கிக்கொண்டிருக்க முடியாது. சரியாகச் சாப்பிடுவது இல்லை. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. பேசினால் பாதிப் பேச்சு என்னிடம், பாதி மேலே பார்த்து.

நான் பேயோட்டியைக் கூப்பிடவில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். இசக்கிராஜ் என்று பெயர். ஒரு வேலைக்கு வந்தால் மூன்று வேலைக்கான பேச்சுப் பேசுவான். மாடிக்கு ஏறினான். மெயினை இறக்கச் சொன்னான். முனகல் வந்தது. சுவரில் காதை வைத்தான், ரவுட்டரில் வைத்தான், அப்புறம் கீழே பிளக்கில் தொங்குகிற அந்தக் கறுப்பு அடாப்டரைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"யக்கா, முனங்குதது இவந்தான்" என்றான்.

அவன் சொன்னது இதுதான். வாரியத்து கரண்ட் அலை மாதிரி வழவழவென்று வருமாம். இந்தப் பழைய மாடல் இன்வெர்ட்டர் கொடுக்கிற கரண்ட் அப்படி இல்லையாம், படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி வருமாம். ஃபேனுக்கும் விளக்குக்கும் அது பெரிய விஷயம் இல்லை. இந்தச் சின்ன அடாப்டருக்குள் இருக்கிற காயிலுக்கு அது ஒத்துக்கொள்ளாது, நடுங்கும், அந்த நடுக்கம்தான் சத்தம். கரண்ட் வந்ததும் நடுக்கம் நிற்கும், சத்தமும் நிற்கும். நல்ல மாடல் இன்வெர்ட்டர் போட்டால் மூச்சு விடாது. இவ்வளவுதான் பேய்.

நான் இவரைப் பார்த்தேன். கேட்டீர்களா என்கிற மாதிரி ஒரு பார்வை. அவர் நம்பவில்லை. உடனே இசக்கிராஜ் அடாப்டரைப் பிடுங்கி, கீழே கொண்டுவந்து, இன்வெர்ட்டரிலிருந்து ஒரு நீள வயரை இழுத்து, கூடத்தில் வைத்துச் சொருகி, ரவுட்டரையும் மாட்டினான். கூடத்தில் முனகியது. அடுப்படியில் சொருகினான். அடுப்படியில் முனகியது. சாமி அறையில் சொருகப் போனான், அதெல்லாம் போதும் என்று நான் தடுத்துவிட்டேன். இவர் அவன் பின்னாலேயே அறை அறையாக நடந்தார். சின்னப் பிள்ளை பலூன்காரன் பின்னால் போகிற மாதிரி. கடைசியில் மாடிப்படியில் உட்கார்ந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று காப்பி போடப் போனேன்.

காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார். இதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எனக்குக் கோபம்.

"வடிவு, அப்ப அன்னைக்கு நீ சத்தம் போட்டது அவனப் பாத்து இல்ல. இதப் பாத்துத்தான்."

உனக்குப் புரியாது, நான் சொல்கிறேன். சுதன் போன அன்றைக்கும் ஷட்டவுன் என்று சொன்னேன் இல்லையா? மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். மேலே முனகல். விடாமல், மூச்சு வாங்காமல் முனகல். அன்றைக்கு எனக்குத் தலைவலி வேறு. ஜன்னலுக்குப் போய், "ஏல சுதன், வாய மூடுல, மனுசி கண்ணசர வேண்டாமா" என்று ஒரு சத்தம் கொடுத்தேன். கொடுத்த மாத்திரத்தில் நின்றது. மறுபடி ஆரம்பிக்கவே இல்லை. பரவாயில்லையே, இன்றைக்கு ஒரு தடவை சொன்னதும் கேட்டுவிட்டானே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுப்படியில் ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்திலேயே நன்றாகத் தூங்கிவிட்டேன். அந்த மாதிரி ஒரு தூக்கம் ரொம்ப நாளாக இல்லை. காப்பி கொண்டுபோன இவர் மேலேயிருந்து கூப்பிட்டபோதுதான் எழுந்தேன்.

இதை நான்தான் இவரிடம் சொல்லியிருந்தேன், ஒரு வாரம் கழித்து. கடைசியில்கூட என் பேச்சைக் கேட்டான் என்று சொல்லியிருந்தேன். அதைத்தான் இந்த மனுஷன் மாடிப்படியில் உட்கார்ந்து, காப்பியை ஆற்றிக்கொண்டே, பிரித்துப் போட்டார். ஃபிரிட்ஜ் இன்வெர்ட்டரில் கிடையாது, வடிவு. அது ஓடினது என்றால் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். கரண்ட் வந்ததால் அடாப்டர் நின்றது. நீ சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நீ வைத்த தட்டு ஸ்டூலில் மூடினது மூடினபடி இருந்ததே, டாக்டரும் மத்தியானத்துக்கு முன்னாலேயே என்று சொன்னாரே. அவன் போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது. நீ ஏசினது அவன் காதில் விழவே இல்லை.

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார். "ஒன்னுமே கேக்காமத்தான் போயிருக்கான். நீ மனசப் போட்டு ஒழப்பிக்கிடாத" என்றார்.

ஆறுதல் சொல்கிறாராம்! யார் கேட்டது? நான் எங்கே மனசைப் போட்டு உழப்பினேன்? உழப்பிக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தது யார், பாலாடையில் தண்ணீர் ஊற்றினது யார்? நானா? ஒரு அடாப்டரைப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு இத்தனை மாசம் கூத்தடித்த மனுஷன் எனக்கு வந்து சொல்கிறார், நீ அடாப்டரைப் பிள்ளை என்று நினைத்தாய் என்று.

கையை உருவிக்கொண்டேன்.

அந்த டாக்டருக்கு என்ன தெரியும்? படித்து முடித்த ஈரம் காயாத பையன். தொட்டுப் பார்த்துவிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னான். தட்டு மூடியிருந்தால்? வேலை அதிகமாக இருந்திருக்கும், எடுத்திருக்க மாட்டான். எத்தனையோ நாள் எடுக்கமாட்டான், நான் ஆறின சோற்றை மாட்டுக்குப் போட்டிருக்கிறேன். ஃபிரிட்ஜ் ஓடினது முன்னாலா பின்னாலா என்று யார் கண்டது? நான் என்ன எழுதியா வைத்தேன்? அவன் இருந்த காலத்திலும் ஷட்டவுன் நாட்களில் அந்த அடாப்டர் முனகித்தான் இருக்கும், சரி, ஒப்புக்கொள்கிறேன். அவனும் முனகுவான், அதுவும் முனகும், இரண்டும் ஒரே சுருதி, அதனால்தான் தனியாகத் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு முனகியது அவன். எனக்குத் தெரியாதா? வயிற்றில் சுமந்தவள் நான். சொன்னேன், கேட்டான், நிறுத்தினான். மூச்சை அடக்கிக்கொண்டு நிறுத்தினான் என்றால்கூட அது என் பேச்சைக் கேட்டு நிறுத்தினதுதான். அவன் ஒரு பதிலும் சொல்லாமல், ஒன்றும் கேட்காமல், நான் சமையல் பண்ணிக்கொண்டிருக்கும்போது தன் பாட்டுக்குப் போனான் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அப்படிப்பட்ட பிள்ளையாக நான் வளர்க்கவில்லை.

வேடிக்கையைக் கேள். அன்றையோடு இவர் தெளிந்துவிட்டார். அவரே இசக்கிராஜைக் கூப்பிட்டு, இதை எடுத்துக்கொண்டு நல்ல மாடலாகப் போடு என்று சொல்லிவிட்டார். நான்தான், இருக்கட்டும், இப்போது என்ன அவசரம், பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீதானட்டி இந்தச் சத்தம் நிக்கணும்னு ஒத்தக்கால்ல நின்ன" என்றார். இசக்கிராஜ் பழையதைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். இப்போது பார், கரண்ட் போனால் அந்த அடாப்டர் ஊமை. ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், உன் மீட்டிங் அது பாட்டுக்கு ஓடும், ஒரு பொட்டுச் சத்தம் இருக்காது. இவர் நன்றாகச் சாப்பிடுகிறார். காலையில் வாக்கிங் போகிறார், இப்போதும் அங்கேதான் போயிருக்கிறார். பாலாடையைப் புளி போட்டுத் தேய்த்து பீரோவில் வைத்துவிட்டேன். கறை முழுக்கப் போகவில்லை. சுதன் பெயரைச் சொன்னால் சிரித்துக்கொண்டே பேசுகிறார். அறையை வாடகைக்கு விடலாம், பிள்ளைகள் வந்து போனால் வீடு வீடாக இருக்கும் என்று யோசனை சொன்னதும் அவர்தான். எனக்கு வேண்டியதும் இதுதானே? மனுஷன் மாடியிலிருந்து இறங்க வேண்டும் என்றேன், இறங்கிவிட்டார்.

உனக்கு முன்னால் இந்த அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி தென்காசிக்காரி, ஒருத்தி மதுரை. இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள்தான், ஆனால் நிலைக்கவில்லை. ஏன் போனார்கள் என்று லலிதாவிடம் கேட்டால், அந்த அம்மாவுக்குத்தான் புத்தி சரியில்லை என்பாள். அதையும் நானே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒளிவுமறைவு கிடையாது.

பகலில் கரண்ட் போனால் மேலே ரொம்ப நிசப்தமாக இருக்கும். உனக்கு அது நல்லது. கீழே படுத்திருக்கிற எனக்கு அது என்னவோ மாதிரி இருக்கும். அப்போது நான் ஜன்னலில் நின்று ஒரு சத்தம் கொடுப்பேன். மேல என்ன சத்தம், வாய மூடு, மனுசி கண்ணசர வேண்டாமா என்று. நீ சத்தமே போட்டிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். மதுரைக்காரியும் அதைத்தான் சொன்னாள். நான் ஒன்றுமே செய்யலையே ஆண்ட்டி, எதுக்கு ஏசறீங்க என்று இறங்கி வந்து சண்டை பிடித்தாள். ஏச்சு இல்லை அது, ஒரு பழக்கம். தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தென்காசிக்காரி பயந்துகொண்டு வாயே திறக்காமல் இருந்தாள். அது அதைவிட மோசம். பதில் வரவில்லை என்றால் நான் மாடி ஏறி வந்து கதவைத் தட்டிவிடுவேன். உன் கேமரா ஆன் ஆகியிருந்தாலும் தட்டுவேன், அதில் எனக்குச் சட்டம் எல்லாம் போடக் கூடாது.

நீ செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. மீட்டிங்கில் இருந்தால் மைக்கை அணைத்துக்கொள். ஜன்னல் பக்கம் திரும்பி, சரி என்று ஒரு வார்த்தை. சரி ஆண்ட்டி என்றுகூட வேண்டாம், வெறும் சரி போதும். எனக்கு இங்கே கேட்கும். கேட்டதும் நான் போய்ப் படுத்துக்கொள்வேன்.